டீக்கு அப்புறம் இன்னொரு அளவு

செயற்கைக் கால் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பெயர் டேப் அக்கா. கழுத்தில் டேப் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. வீட்டில் புருஷன் ஆசையாகக் கையைப் பிடித்தால்கூட, மணிக்கட்டு இளைத்திருக்கிறதே, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்பாள். அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொள்வார்.

அவளிடம் வசமாக மாட்டினான் ஒரு முடிதிருத்துபவன். விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. புண் ஆறியும் மீதிக் கால் வீங்குவதும் வற்றுவதுமாக இருந்தது. அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே அளவு வந்தால்தான் புதுக் கால் செய்வார்கள். அவனுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் மகள் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்துவிட்டாள். அவள் முதன்முதலாக நடக்கும்போது தானும் கூட நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

அன்றைக்கு அளந்தால், அச்சு அசலாகப் போன தடவை அளவு! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. டேப் அக்கா அவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஆளா? வீக்கத்துக்குச் சுற்றும் துணிக்கட்டு இல்லாமல் அவனைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, மறுபடி அளந்தாள். கால் பருத்திருந்தது.

"டீ குடிச்சா கால் வீங்குமா தம்பி?"

திருதிருவென்று விழித்தான். அளவு குறையட்டும் என்று ராத்திரி முழுக்க அந்தத் துணிக்கட்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு படுத்தானாம். மீதிக் காலை நுழைக்கிற கூடு லூசாகவோ டைட்டாகவோ போனால் மறுபடி புண்ணாகி மாசக்கணக்கில் படுக்க வேண்டியதுதான் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அவன் தொங்கிய முகத்தோடு போனான்.

அப்புறம் அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஊர்க் குழந்தைகளெல்லாம் சீக்கிரம் நடக்கட்டும், அந்தக் குட்டி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் சோம்பேறியாகத் தவழட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

குட்டியும் தவழ்ந்தாள். அடுத்த தடவை டீக்கு முன்னும் பின்னும் அளவு மாறவில்லை. அதற்கடுத்த தடவையும் அதே அளவு. கால் தயாரானது.

புதுக் காலோடு அவன் கூடத்தில் நடை பழகும் கம்பிகளைப் பிடித்து எழுந்து நின்றான். எதிர்முனையில் மனைவி குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நெட்டையாக நின்ற அப்பாவை அந்தக் குட்டி வாய் பிளந்து பார்த்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து எழுந்தாள், கையை விட்டாள், தள்ளாடித் தள்ளாடி வந்து அவனுடைய புதுக் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் இன்னும் ஒரு அடிகூட வைத்திருக்கவில்லை.

"தோத்துட்டேன்கா," என்றான், அழுகையும் சிரிப்புமாக.

"அவ அம்மாகிட்டத் திரும்பிப் போகணுமில்ல? கூட்டிட்டுப் போ," என்றாள் டேப் அக்கா.

ஒரு கை கம்பியில், ஒரு விரல் மகளிடம். இரண்டு பேரும் தத்தித் தத்தி அம்மாவிடம் போனார்கள். குனியாதே, நிமிர்ந்து நட என்று டேப் அக்கா வழக்கம்போல அதட்டத்தான் பார்த்தாள். அதற்குள் டேப் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.