மாதையன் வீட்டு பேட்டரியும் நான் போட்ட ஒயரும்

இதை எழுத மூன்று வருடமாக நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். உண்மையை எழுதினால் இரண்டாவது வரியிலேயே நான் வந்துவிடுவேன். அதற்குப் பயந்தேன். இந்த ஆடிக் கிருத்திகைக்கு முருகன் சந்நிதியில் நின்றபோது இனி மறைக்கக் கூடாது என்று பட்டது. ஒன்பதாவது வரை படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் எனக்குச் சின்ன பேட்டரி கடை. முதலில் ஆசிட் பேட்டரி வேலைதான். எலக்ட்ரிக் வண்டிகள் வந்த பிறகு ஒரு வாரம் டிரெயினிங் போய் லித்தியம் பேட்டரி பேக் பிரித்துக் கட்டக் கற்றுக்கொண்டேன். பேக்குக்குள் செல்கள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் காவல், பி.எம்.எஸ். என்கிற போர்டு. ஒரு வரிசை அளவுக்கு மேல் ஏறினாலும், இறங்கினாலும், சூடானாலும் அது கரண்ட்டைக் கட் பண்ணும். வண்டி நிற்கும். நிற்பது நல்லதுக்குத்தான். நடுவழியில் நிற்கிறவருக்கு அது புரியாது.

மேட்டில் நின்ற வண்டி

மாதையன் வத்தல்மலைக்காரர். சாமை, கேழ்வரகு போடுகிறவர். கீழே வந்து போக ஒரு பழைய எலக்ட்ரிக் வண்டி வாங்கியிருந்தார். மூட்டையோடு ஏறினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிடும். மூன்றாவது முறை நின்றபோது என்னிடம் வந்தார்.

"பாதி மலையில நின்னுபோச்சுங்க. எம்பொண்டாட்டி பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே வந்தா. 'வண்டி ஓட்டறது நீயா நானா'ன்னு கேக்கறா."

சிரித்துக்கொண்டே பேக்கைப் பிரித்தேன். "ஒரு செல் வரிசை வீக்கா இருக்குங்க. மாத்தணும். செல் வர பத்து நாள் ஆவும்."

"பத்து நாளா? நாளன்னிக்கு உர மூட்டை ஏத்தணுங்க. நீங்க மனசு வெச்சா முடியாததா இன்னா?"

அந்த வார்த்தையில் குளிர்ந்துவிட்டேன். போர்டைத் தாண்டி ஒரு தடித்த ஒயரை நேராகப் போட்டேன். இதை பைபாஸ் என்போம். இனி அந்த வீக்கான வரிசையைக் காக்க ஆளில்லை. வண்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

"பத்து நாள்ல கண்டிப்பா வந்துடுங்க" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால், "அப்போ எதுக்குங்க போட்டீங்க?" என்று கேட்பாரே என்ற கூச்சம். "மேல பனி ஜாஸ்தி, பேட்டரியில ஈரம் படாம பாத்துக்கங்க" என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். காவலைக் கழற்றிவிட்டு, பனியைப் பற்றிப் புத்தி சொன்னேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "வண்டி குதுர மாதிரி ஏறுதுங்க. நீங்க நல்லா இருக்கணும்."

செல் வந்தது. ஒரு தடவை போன் அடித்தேன், சிக்னல் கிடைக்கவில்லை. ஓடுகிற வண்டிதானே என்று விட்டுவிட்டேன்.

கோணி

மார்கழியில் ஒரு மத்தியானம் அது நடந்தது. அவர்கள் வீட்டில் விதைத் தானியம் வைக்கிற அறையில்தான் பிளக் இருந்தது. மாதையன் காலையிலேயே பேட்டரியைக் கழற்றி அங்கே சார்ஜ் போட்டு, பனி படாமல் கோணி போர்த்திவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் இருந்த அவர் மனைவி பொன்னிக்கு முதலில் நகப்பாலீஷ் மாதிரி ஒரு நெடி வந்ததாம். பிறகு பட்டாசு மாதிரி சத்தம், வெள்ளைப் புகை. அடுத்த பட்டத்துக்கு வைத்திருந்த விதைச் சாமையை இழுக்க உள்ளே ஓடினார். வலது கை வெந்துபோனது. விதையும் மிஞ்சவில்லை.

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மாதையன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தாங்க கெடுத்தேன். ஈரம் படக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. நான் புத்திகெட்டவன், புள்ளைக்குப் போத்தற மாதிரி கோணிய போத்தி வெச்சேன். சூடு வெளிய போவல."

கட்டிலில் பொன்னி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, "ஆமாங்க, போத்தக் கூடாதுங்க" என்றேன்.

எரிந்த பேக்கை ஒரு வாரம் கழித்து என் கடைக்கே கொண்டுவந்து போட்டார்கள். அந்த ஒயரின் செம்பு கருகி அப்படியே இருந்தது. வெட்டி எடுத்து டிராயரில் பூட்டினேன்.

பிறகு கடையில் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: சார்ஜ் போடும்போது பேட்டரியை மூடாதீர்கள். மலையில் ஒருவர் கோணி போர்த்தியதால் எரிந்தது என்று எங்கள் வாட்சப் குரூப்பிலும் போட்டேன். அது சுற்றிச் சுற்றிக் கதையானது. அரூரிலிருந்து வந்த ஒரு கஸ்டமர் என் கதையை எனக்கே சொல்லி, "மலைக்காரங்களுக்கு இன்னாங்க தெரியும்" என்று சிரித்தார். நானும் தலையாட்டினேன். மூடக் கூடாது என்பது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான்.

அதன் பிறகு டீக்கடைப் பக்கம் போவதை விட்டேன். வேலை முடிந்தாலும் கடையில் தனியாகவே உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, சாமி கும்புடறப்ப கண்ண மூடறதே இல்லியே?" மூடினால் ஒயர் தெரிகிறது என்று அவளிடமும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத் தெரியாத ஒன்றைச் சுமந்தால் வீடே வெளியூர் மாதிரி ஆகிவிடுகிறது.

மலைக்குப் போனது

கிருத்திகைக்கு மறுநாள் டிராயரைத் திறந்து ஒயரை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். மாதையன் வாசலில் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தார். பொன்னியின் வலது கை விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. வந்த எனக்கு உட்காரப் பாய் போடச் சொல்லக்கூட அவர் புருசனிடம் நேராகப் பேசவில்லை. "அங்க நிக்கறவர போடச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார்.

ஒயரைத் தரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோணியும் தப்புதான், ஆனால் போர்டு இருந்திருந்தால் அது முன்கூட்டியே நிறுத்தியிருக்கும், அதை எடுத்தது நான் என்றேன். மாதையன் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னிதான் பேசினார். "மூணு வருசமா இந்த மனுசன நாயே பேயேன்னு பேசிட்டேன். ஒரு வாட்டிகூட எதுத்துப் பேசல. அதையெல்லாம் நான் இப்ப எங்க போயி திருப்பி எடுக்கறதுங்க?"

அவர் உள்ளே போய் இடது கையில் சொம்போடு வந்தார். புருசன் முன்னால் நின்று, "இந்தா, குடி" என்றார். எனக்குக் கொடுக்கவில்லை. அது நியாயம்தான். தனியாக இறங்கி வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளே, பி.எம்.எஸ். கட் பண்ணினால் காரணத்தைத் தேடுங்கள். யார் கெஞ்சினாலும் பைபாஸ் போடாதீர்கள். வண்டி வைத்திருப்பவர்களே, ஓடி வந்த சூடு ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். படுக்கிற அறையிலும் தானியம் வைக்கிற அறையிலும் வேண்டாம். பேக் உப்பினாலோ நெடி வந்தாலோ திரும்ப சார்ஜ் போடாதீர்கள். புகை வந்தால் ஆளை வெளியே அழைத்து வாருங்கள், பொருளுக்காக உள்ளே போகாதீர்கள். முருகன் உங்களைக் காக்கட்டும்.

இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் முழுசாக அனுப்புங்கள். கோணியை மட்டும் வைத்துக்கொண்டு ஒயரை எடுத்துவிடாதீர்கள். அதை ஒருமுறை நான் செய்துவிட்டேன்.