படகில் போன பாதிப் பாட்டு

2004 மே மாதம் புதுக்கடை ஜெயசிங் ஒரு கிட்டார் வாங்கினார். 2012 செப்டம்பர் வரைக்கும் அது எப்படிப் பேசும் என்று அவருடைய மனைவி ஜின்சியைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டுதான் ஜெயசிங்கின் பிழைப்பு. புதுக்கடை சந்திப்பில், பழக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இருந்தது அவருடைய ஜே.எஸ். மொபைல்ஸ். ரீசார்ஜ் செய்வார், உடைந்த போனுக்கு மேல்மூடி மாற்றுவார். ஆனால் கூட்டம் வந்தது மெமரி கார்டுக்கு. கார்டை நீட்டினால் கம்ப்யூட்டரில் செருகிப் பாட்டு ஏற்றித் தருவார். இனயம், இராமன்துறை பக்கமிருந்து வரும் மீன்பிடிக்காரர்கள் கடலுக்குப் போகும் முன்பு ஐஸ், அரிசி, டீசல் வரிசையில் இதையும் வைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் தண்ணீரில் கிடக்கப்போகிறவர்களுக்குப் பாட்டு இல்லாமல் எப்படி?

"என்ன வேணும்?" என்று ஜெயசிங் கேட்க மாட்டார். ஆளைப் பார்த்தே போட்டுவிடுவார். அவருடைய காதுக்கு அந்த வட்டாரத்தில் அவ்வளவு மதிப்பு. அவரும் அந்த மதிப்பைச் சும்மா வைத்திருக்கவில்லை. கல்யாண வீட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தால் மறுநாள் கடையில் பிரித்து மேய்வார். "தபலாக்காரன் ஒரு வீட்டுக்கு வந்தான், பாட்டுக்காரன் வேற வீட்டுக்கு வந்தான், ரெண்டு பேரும் சோறு மட்டும் ஒரே பந்தியில தின்னானுவ" என்பார். கடையில் நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் பிறகு அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. இத்தனை பேரை இத்தனை சொன்னவன் வாசித்து ஒரு விரல் தவறினால் ஊர் என்ன சொல்லும்?

ஆகவே வீட்டுப் பின்னறையில், கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, அதன் இரைச்சலுக்குள் வாசித்தார். சபையின் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் என்றார். மஸ்கட்டில் இருக்கும் தம்பி, "பதிவு பண்ணி அனுப்பு, இங்க எல்லாரும் கேக்கட்டும்" என்று போனில் நச்சரித்தான். பதிவு செய்வார். போட்டுக் கேட்பார். முகம் சுண்டிப்போகும். அழித்துவிடுவார்.

"அழிக்கதுக்குன்னே பதிவு பண்ணுத ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் ஜின்சி.

"ஒனக்கு அதுல உள்ள தப்பு தெரியாது."

"தெரியாததுனாலதான் நான் நல்லா கேட்டுட்டு இருக்கேன். நீங்க கஷ்டப்படுதிய."

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், கடை பூட்டிக் கிடந்த நேரத்தில், ஜெயசிங் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். கம்ப்யூட்டரில் நல்ல மைக் ஒன்று இருந்தது. அவரே உண்டாக்கிய மெட்டு ஒன்றை வாசித்தார். முதல் பாதி அவருக்கே பிடித்துவிட்டது. நடுவில் விரல் மேலே தாவ வேண்டிய இடத்தில் சறுக்கியது. உடனே நிறுத்தினார். மைக் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, "எடே ஜெயசிங்கே, ஒனக்கு என்னத்துக்குடே இந்த வேல?" என்று தன்னையே வைதுகொண்டார்.

வழக்கம்போல் அழித்திருக்க வேண்டும். அந்த முதல் பாதி விடவில்லை. யார் கண்ணிலும் படாத இடமாக யோசித்து, மாதா பாட்டுகள் இருந்த ஃபோல்டருக்குள் போட்டார். சினிமாப் பாட்டைத்தான் எல்லோரும் கேட்பார்கள், இதை யார் திறக்கப்போகிறார்கள் என்பது கணக்கு. பிறகு தேட வசதியாக 001 என்று பெயர் வைத்தார். எண்ணில் பெயர் வைத்தால் அது வரிசையில் முதலில் போய் நிற்கும். அதை அவர் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. ஜெயசிங் உள்நாட்டுக்காரர், மாதா வழிபாடு இல்லாத சி.எஸ்.ஐ. சபை. கத்தோலிக்கர்கள் இருக்கும் கடற்கரையில் படகு துறையை விட்டுக் கிளம்பினால் கோயில் கோபுரம் கண்ணிலிருந்து மறையும் வரை மாதா பாட்டுதான் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் சினிமா. இது படகில் போகிறவர்களுக்குத் தெரியும். கார்டு ஏற்றுகிறவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் பேங்கிலிருந்து திரும்பியபோது ஜின்சி கடையில் இருந்தாள்.

"இனயத்து லிஜின் வந்தான். சகாயமாதா படகுல இன்னைக்கே போறானாம். கார்டு பழசு, எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடச் சொன்னான்."

"என்ன போட்ட?"

"புதுப் படம் எல்லாம் போட்டேன். மாதா பாட்டு இல்லாம போகப்படாதுன்னான். அந்த ஃபோல்டர முழுசா இழுத்துப் போட்டேன்."

ஜெயசிங் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "முழுசாவா?"

"பாதி போட்டா மாதா கோவிச்சுக்காதா?"

அவர் லிஜினின் நம்பரை அழுத்தினார். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. ஜின்சியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வருத்தத்தில்தான் பொத்தினாள் என்று அவர் நினைத்தார், ஆனால் அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்காத. அந்தப் பயலுவ பன்னெண்டு பேரு. கரைக்கு வந்தா புதுக்கடை சந்தியில நான் நிக்க முடியுமா?"

பைக்கை எடுத்துக்கொண்டு கருங்கல் வழியாகக் குளச்சலுக்கு விட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், படகுக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சிறிய அறையில் வயர்லெஸ் பெட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் கபிரியேல். முழங்கால் போன பிறகு கடலை விட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர். கரையிலிருந்து படகோடு பேச அந்தப் பெட்டி ஒன்றுதான் வழி.

"அண்ணாச்சி, சகாயமாதா எட்டுமா?"

"ஐஸ் ஏத்திட்டு இப்பத்தான் போச்சு. நல்லா கேக்கும். வீட்டுல எதுவும் விசேஷமா?"

"இல்ல. கார்டுல ஒரு பாட்டு தப்பா ஏறிட்டு. மொதல் பாட்டு. அத மட்டும் கேக்காம அழிச்சிரச் சொல்லணும்."

கபிரியேல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மக்கா, எஞ்சின் நின்னுட்டுன்னு சொல்ல ஆளு ஓடி வரும். புள்ள பொறந்திருக்குன்னு சொல்ல ஓடி வரும். பாட்ட அழிக்கதுக்கு ஓடி வந்த மொத ஆளு நீருதான் ஓய்." மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். "சகாயமாதா, சகாயமாதா. லிஜினே, கேக்குதா? புதுக்கடை ஜெயசிங் இஞ்ச வந்து நிக்காரு. கார்டுல உள்ள மொதல் பாட்ட யாரும் கேக்கப்படாதாம். அழிச்சிரணுமாம்."

ரகசியமாக இருக்க வேண்டிய விஷயம் அந்தப் பக்கத்துக் கடலில் கிடந்த அத்தனை படகுக்கும் போய்ச் சேர்ந்தது. வயர்லெஸ்ஸில் தனியாகப் பேச முடியாது. ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள் என்பதை ஜெயசிங் அப்போதுதான் அறிந்துகொண்டார்.

பெட்டி கரகரத்தது. லிஜினின் குரல். "கபிரியேல் மாமா, நாங்க கேட்டாச்சு. மாதா பாட்டுன்னு நெனச்சு எல்லாரும் சிலுவ போட்டுட்டு நின்னோம். கிட்டாரு வருது. நாங்களும் நிக்கோம். கடைசில ஜெயசிங் அண்ணன் தன்னத்தானே ஏசுதாரு!"

வேறொரு படகிலிருந்து யாரோ குறுக்கே வந்தார். "லே லிஜினே, என்னதுலே அது? எங்களுக்கும் போடு."

"போடுலே, போடு" என்றது மூன்றாவது குரல். "இஞ்ச மீனும் இல்ல ஒண்ணும் இல்ல."

ஜெயசிங் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

கபிரியேல் மைக்கை மடியில் வைத்தார். "இது சும்மா பேசுத சேனல்தான், அவசரத்துக்கு வேற இருக்கு. நீரு சொன்னா நான் வேண்டாம்ணு நிறுத்திருவேன். என் பேச்ச மீறி எவனும் போட மாட்டான். என்ன சொல்லட்டும்?"

ஜெயசிங் கணக்குப் போட்டார். ஒரு படகு முழுக்கக் கேட்டாகிவிட்டது. இப்போது தடுத்தால் பாட்டு கடலோடு போய்விடும். தன்னைத் தானே வைதுகொண்ட கதை மட்டும் கரைக்கு வரும். அதற்கு, போட விடுவதே மேல் என்று பட்டது. உள்ளங்கை வேர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"போடட்டும்" என்றார்.

லிஜின் மைக்கை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தான் போலும். எஞ்சின் அடிக்கிற சத்தத்துக்கு மேலே கிட்டார் வந்தது. கரகரப்புக்குள், காற்றுக்குள், ஆனால் தெளிவாகவே வந்தது. ஜெயசிங் தன் வாசிப்பை வெளி ஆட்களோடு சேர்ந்து கேட்பது அதுதான் முதல் தடவை. மெட்டு ஏறியது, திரும்பியது, அந்த இடத்துக்கு வந்து சறுக்கியது. "எடே ஜெயசிங்கே..."

அடுத்த நொடி பெட்டியிலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஓர் ஊளைச் சத்தம் வந்தது. நீண்டுகொண்டே போனது.

"கூவுதானுவ" என்றார் ஜெயசிங்.

"கூவவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே நேரத்துல பத்துப் பேரு பொத்தான அமுக்கினா இப்படித்தான் கத்தும். எல்லாவனும் பேசப் பாக்கான்." கபிரியேல் சிரித்தார். "புயல் சேதி வந்த அன்னைக்குத்தான் இதுக்கு முன்னால இப்படிக் கேட்டேன்."

சத்தம் அடங்கி ஒரு குரல் வெளியே வந்தது. வயதான குரல், யாருடையது என்று கபிரியேலுக்கும் தெரியவில்லை. "அந்த ஆளு அங்கனயே நிறுத்திட்டாரே. மிச்சம் எங்கடே?"

"அதத்தான் நாங்களும் கேக்கோம்" என்றான் லிஜின். "தொண்டையில சோறு நின்ன மாதிரி இருக்கு. அண்ணே, அதுக்கு அப்புறம் என்ன வருது?"

தவறைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஜெயசிங் அதற்காகக் காத்துக்கொண்டே நின்றார், வரவில்லை. கபிரியேல் மைக்கை அவரிடம் நீட்டினார். பொத்தானை எங்கே அழுத்துவது என்று விரலால் காட்டினார்.

"மிச்சம் இருக்கு" என்றார் ஜெயசிங். குரல் கீச்சென்று வந்தது. "கரைக்கு வா. தாறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் கஷ்டம் உறைத்தது. இருக்கிற பாதியைக் கொடுப்பது வேறு, இல்லாத பாதியைப் பதிவு செய்வது வேறு. அடுத்த ஞாயிறு ஷட்டரை இறக்கினார். மைக்கைப் போட்டு ஆரம்பித்தார், பாதியிலேயே நிறுத்தினார். அழித்தார். மறுபடி ஆரம்பித்து மறுபடி அழித்தார். மூன்றாவது தடவை எழுந்து போய் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டார். வெளிச்சமும் சந்தி இரைச்சலும் உள்ளே வந்தன. எப்படியும் வெளிச் சத்தம் வரத்தான் போகிறது, பதிவு சுத்தமாக வராது என்று தெரிந்த பிறகு தோள் கொஞ்சம் இறங்கியது.

வாசித்தார். அந்த இடம் வந்தது. விரல் அதே மாதிரி சறுக்கியது. வாயில் வசவு வரப் பார்த்தது. தொண்டையில் சோறு நின்ற ஆட்களை நினைத்துக்கொண்டு மேலே போனார். மிச்சத்தை முடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

ஜின்சி போட்டுக் கேட்டாள். "பஸ் ஹார்ன் கேக்குது."

"கேக்கட்டும். புதுக்கடையில பஸ் வராதா?"

"பழக்கடைக்காரரு வெல சொல்லுததும் கேக்குது."

"அவரு நல்ல தாளத்துலதான் சொல்லுதாரு."

பதிவுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் பெயரையே அடித்தார்.

படகு கரை சேர்ந்த மறுநாள் லிஜின் மூன்று பேரோடு வந்தான். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். எதுவும் சொல்லாமல் ஜெயசிங் ஸ்பீக்கரில் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு யாருடைய போனையோ கழற்ற ஆரம்பித்தார். ஆனால் திருகாணி கழலவில்லை. ஸ்க்ரூடிரைவர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் லிஜின் தலையைச் சொறிந்தான்.

"சொல்லுடே" என்றார் ஜெயசிங்.

"கோவப்படப்படாது."

"சொல்லு."

"மொதப் பாதி சூப்பர் அண்ணே. ரெண்டாம் பாதி ஓடுது. பின்னால யாரோ வெரட்டுத மாதிரி."

இந்தக் கடையில் தீர்ப்புச் சொல்வது ஒருவர்தான். அவருக்கே ஒருவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். தையல்காரர் கூட எட்டிப் பார்த்தார்.

ஜெயசிங் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பையன் சொன்னது சரிதான்.

"ஓடத்தான் செய்யுது" என்றார். "பயத்துல ஓடினேன். அடுத்ததுல நடந்து வாறேன்."

"அப்ப இது வேண்டாமா?" என்று கூட வந்தவன் ஒருவன் கேட்டான்.

"யாரு வேண்டாம்ணு சொன்னா? கார்ட எடு மக்கா" என்றான் லிஜின்.

நான்கு கார்டுகள் மேசைக்கு வந்தன. ஜெயசிங் ஒவ்வொன்றாகச் செருகி அதை ஏற்றிக் கொடுத்தார். அன்று மாலை ஜின்சி அதையே மஸ்கட்டுக்கு மெயிலில் அனுப்பினாள். அவர் பக்கத்தில் நின்று முகவரியைச் சொன்னார்.

சகாயமாதா வெள்ளிக்கிழமை மறுபடி கடலுக்குப் போனது. ஞாயிறு மதியம் ஜெயசிங் இரண்டாவது மெட்டைப் பதிவு செய்தார்.