மானிட்டர் ஓரத்துப் பிளாஸ்திரி

1. ஊசி

என் மகளின் கையை நானேதான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவளுக்கு எட்டு வயது. காய்ச்சலுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் ஹோமில் ஏழாம் பெட்டில் சேர்த்திருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டெல்லா சிஸ்டர் ஊசியோடு குனிந்தார்.

"செத்த நேரம் ஆடாம இரு தங்கம்."

"காலையிலதான போட்டீங்க?" என்று மகள் அழுதாள். நான் அதட்டினேன்.

அப்போது பத்தாம் பெட்டிலிருந்து ஒரு குரல். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் பாய், சர்க்கரை நோயாளி. "சிஸ்டர், சோறும் வெஞ்சனமும் ஆறிப்போச்சு. என் இன்சுலின் எங்கம்மா? தட்டையே எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டிருக்கது?"

"உங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்லைன்னுல்ல கம்ப்யூட்டர்ல இருக்கு" என்ற சிஸ்டர், பாதியில் நிறுத்திக் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். அதில் இருந்தது இன்சுலின். அவர் முகம் வெளிறியது. நான் மகளின் கையை விட்டேன்.

2. வெளிர் சாம்பல்

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய மருந்து கிரிட்டை, அதாவது யாருக்கு எப்போது என்ன மருந்து என்று காட்டும் கட்ட அட்டவணையைச் செய்தவனே நான்தான். தொண்ணூறுகளில் டி.டி.பி. வேலை பார்த்து, பிறகு வெப் டிசைன் கற்று, நாகல் நகரில் ஒரு மாடி அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கிரிட்டில் இடப்பக்கம் பெட் எண்ணும் பெயரும்; அது ரோ ஹெட்டிங், வரிசைத் தலைப்பு. மேலே மருந்து நேரங்கள்; அது காலம் ஹெட்டிங், நெடுவரிசைத் தலைப்பு. ஹெட்டிங்கைப் பிரவுசர் தானாகவே தடித்த எழுத்தில் காட்டும். அது எனக்குக் கல்யாண நோட்டீஸ் மாதிரிப் பட்டது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டில் தடிப்பை எடுத்தேன், எழுத்தைச் சிறிதாக்கினேன், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறம் கொடுத்தேன். நர்சிங் ஹோம் டாக்டர் பார்த்துவிட்டு, "நீட்டா இருக்கே தம்பி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வார்டிலிருந்த பழைய மானிட்டரில் அந்தச் சாம்பல் நிறம் தெரியவே இல்லை. நர்ஸ்கள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதி, ஒவ்வொரு வரிசைக்கும் நேராகத் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அன்று யாரோ மவுஸ் சக்கரத்தை உருட்டியிருக்கிறார்கள். கிரிட் மூன்று வரிசை மேலே ஏறிவிட்டது. பிளாஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றது. ஏழுக்கு நேரே பத்தாம் பெட்டின் இன்சுலின் வந்திருந்தது.

3. மூன்றடி தூரம்

"இதைச் செஞ்சது நான்தான் சிஸ்டர்" என்று ஒப்புக்கொண்டேன்.

"அந்த மகராசன் நீங்கதானா? எழுதுறதை எழுதிட்டு அப்புறம் எதுக்குய்யா அதை ஒளிச்சு வச்சீங்க?"

பாய் சாப்பிட்டபடியே, "விடும்மா, அவரு பிள்ளைக்கே வரப் பாத்துச்சு. இனி ஒழுங்காச் செய்வாரு" என்றார்.

மறுநாளே, மகள் பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து மாற்றினேன். ஹெட்டிங்குகளுக்குக் கரும்பச்சைப் பின்னணி, பெரிய வெள்ளை எழுத்து. மவுஸை வைத்தால் அந்த வரிசை முழுவதும், பெட் எண்ணோடு சேர்ந்து மஞ்சளாகும். அன்றைய பிரவுசரில் ஹெட்டிங்கை நகராமல் நிறுத்துவது பெரும்பாடு. ஹெட்டிங்குகளைத் தனி டேபிள்களாகப் பிரித்து, கிரிட் உருளும்போது உரிய ஹெட்டிங்கும் கூடவே உருளும்படி செய்தேன். பிறகு சிஸ்டரைக் கண்ணாடியைக் கழற்றி மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

"ஏழு" என்று படித்தார். மகளின் பெயரையும் படித்தார். அதன்பிறகுதான் பிளாஸ்திரிகளை உரித்தார். மகள் கையை நீட்டி ஏழாம் எண்ணை வாங்கித் தன் பொம்மையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

ஹெட்டிங்கை அலங்காரம் என்று அதன்பிறகு நான் நினைத்ததில்லை. இன்றும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், அவர்களுடைய கிரிட்டைத் திறக்கும் முன் மானிட்டரின் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். அங்கே ஏதாவது ஒட்டியிருந்தால், வேலையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.