விதைக்காத தீவு

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கிள்ளான் ஆற்றங்கரையில் நடந்த ஒரு கலைக் கண்காட்சிக்கு உதவிக்குப் போயிருந்தேன். அகலமான தொட்டி நீரில், ஆற்றுமண்ணால் செய்த சின்னச் சின்னத் தீவுகள். வருகிற பெண்கள் ஆளுக்கொரு தீவில் பச்சைப்பயறு விதைக்கலாம். பயறு எடுத்துக் கொடுப்பது என் வேலை.

இளம்பெண் ஒருத்தி கை நீட்டினாள். எங்கள் கோயில் முளைப்பாரியில் பிள்ளை பெற்றவர்களைத்தான் முதலில் அழைப்பார்கள். அந்தப் பழக்கத்தில், “புள்ளைங்க எத்தன பேரும்மா?” என்று கேட்டுவிட்டேன்.

நீட்டிய கை மடங்கியது. “மூனு தடவ தங்கல, அக்கா. பரவால லா, வேற யாராச்சும் போடட்டும்.”

“ஐயோ, இங்க அதெல்லாம் பார்க்கறதில்லம்மா, வா” என்று நான் பதறுவதற்குள் அவள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

திரும்பி வருவாள் என்று ஒரு தீவை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். நான்காம் நாள் மற்ற தீவுகளெல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன. அது மட்டும் வெறும் மண்.

அந்தக் கேள்விக்குப் பயந்தே பதினோரு வருடமாக நான் எந்த வளைகாப்புக்கும் போனதில்லை. அவளிடம் அதைக் கேட்டதும் நான்தான்.