டெலவெயர் வாங்கு

நனைந்த குடைகள் முப்பது ஒரே மூலையில் குவிந்தால் எழும் புழுங்கல் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்தக் குவியலில் நிசாமின் குடை மட்டும் தனியாகத் தெரியும், ஏனென்றால் கண்டி நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த அவன் வாப்பா வாங்கிக் கொடுத்த அது, பொத்தானை அழுத்தினால் தானாக விரியும். என்னுடையதை விரிக்க இரண்டு கைகளும் ஒரு முழங்காலும் வேண்டும். ஆறாம் வகுப்பில் அவன்மேல் நான் வளர்த்த பொறாமைக்குக் குடை வெறும் தொடக்கம்தான். அவன் சிரித்தால் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தால் ஏன் என்று கேட்டார்கள்.

அந்த ஆண்டு "மொனிட்டர்" பதவிக்கு நாங்கள் இருவரும் நின்றோம். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் அது; நிசாமின் பெயரை நாள்தோறும் எழுதிப் பார்க்க எனக்கு அப்படியோர் ஆசை. ஆனால் கை தூக்கச் சொன்னால் அவனே வெல்வான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாநகரசபையில் கிளார்க்காக இருந்த அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் ஒரே ஒரு பாகம், "டி" எழுத்துக்குரியது, எங்கள் வீட்டில் இருந்தது. ஆகவே டெல்லி, டென்மார்க், டைனோசர் ஆகியவற்றில் நான் மேதை. டெலவெயர் என்ற சின்னஞ்சிறு அமெரிக்க மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்த விதத்தையும் அப்பா அதிலிருந்து வாசித்து விளக்கியிருந்தார்: மாநிலத்துக்கு மூன்றே வாக்குகள், அங்கே ஒரே ஓர் ஆளால் முந்தினாலும் மூன்றும் அவருக்கே, தோற்றவருக்கு ஒன்றுமில்லை.

எங்கள் வகுப்பில் ஏழேழு பேர் உட்காரும் நீண்ட "வாங்கு" நான்கு, கதவடியில் மூன்று பேருக்கான குட்டி வாங்கு ஒன்று. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் பிந்தி வரும் மல்லிகாவும் இன்னும் இருவரும் அந்தக் குட்டி வாங்கில். முதல் வாங்கில் நானே இருப்பதால் முதல் இரண்டும் எனக்கு, அடுத்த இரண்டும் நிசாமுக்கு, கதவடி மூவருக்கும் வீட்டுக்கணக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான் என்பதால் அதுவும் எனக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, ஒவ்வொரு வாங்கையும் ஒரு மாநிலமாக வைத்து, அதில் முந்துபவருக்கே அந்த வாங்கின் எல்லா ஓட்டும் என்று தேர்தல் நடத்தலாமே என்று எழுந்து சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் வகுப்பாசிரியர், எங்களுக்கு "சேர்", சிரித்தார்.

"ஓம், செய்து பாப்பம். அப்ப அந்தக் கதவடி வாங்கு?"

"அது டெலவெயர் சேர். சின்ன மாநிலம். அங்கயெல்லாம் யாரும் ஓட்டுக் கேட்டுப் போக மாட்டாங்க."

வகுப்பே சிரித்தது. என் பேச்சுக்கும் சிரிக்கிறார்களே என்ற பெருமையில் நான் கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

துண்டுச் சீட்டுகளை சேர் வாங்கு வாங்காக எண்ணினார். முதல் இரண்டிலும் பதினான்கு பேரும் எனக்கே போட்டிருந்தார்கள். அடுத்த இரண்டிலும் நாலுக்கு மூன்று என்று நிசாம் முந்தியதால், அந்தப் பதினான்கும் அவனுக்கு. டெலவெயரின் மூன்று சீட்டிலும் நிசாம். பதினேழுக்குப் பதினான்கு, தோற்றேன். சேர் அத்துடன் விடாமல் தலைகளையும் எண்ணிக் கரும்பலகையில் எழுதினார்: எனக்கு இருபது, நிசாமுக்குப் பதினொன்று.

"தம்பி, சும்மா கையைத் தூக்கச் சொல்லியிருந்தா நீதான் வெண்டிருப்பாய்."

இடைவேளையில் மல்லிகாவிடம் போனேன்.

"நிசாம் ஓட்டுக் கேட்டு வந்தானா?"

"இல்லயே. பஸ் ஏன் லேட்டாச்சு, நனைஞ்சிட்டீங்களான்னு கேட்டான்."

"நான் கணக்குச் சொல்லிக் குடுத்தேனே?"

"சொல்லிக் குடுத்த. இதுகூடத் தெரியாதான்னும் கேட்ட."

"புத்தகத்துல உள்ளபடிதானே நடந்திருக்கு" என்றார் அன்று மாலை வீட்டில் அப்பா. அது ஆறுதலாம். அந்த ஆண்டு முழுவதும் நான் பேசாத பாடவேளை கிடையாது; மொனிட்டர் நிசாம் என் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. அதையும் நான் மன்னிக்கவில்லை.

போன மாதம் மழைக்கு நான் ஒதுங்கிய இடம் நிசாமின் கடை வாசலாகப் போயிற்று. உள்ளே இழுத்துக் கதிரை போட்டு, தேநீர் வரவழைத்தான். பழைய தோல்வியைப் பகிடியாகச் சொல்லிக் காட்டினேன்.

"அண்டைக்கு நான் ஒனக்குத்தானே மச்சான் போட்டேன்" என்றான் அவன். "படிப்புக் கெட்டிக்காரன் நீதானே."

என் இருபதில் ஒன்று அவனுடையது. பள்ளியில் அந்த வாங்குகள் போய் பிளாஸ்டிக் கதிரைகள் வந்துவிட்டன, "டி" பாகத்தைக் கறையான் தின்றுவிட்டது, சேரும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பழுதாகாமல் என்னிடம் மிஞ்சியிருந்தது பொறாமை ஒன்றுதான். அதற்கும் இனி இவனிடம் புதுக் காரணம் கிடைத்துவிட்டது.

மழை விடவில்லை. பொத்தானை அழுத்திக் குடையை விரித்து, பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். அன்று நீ யாருக்குப் போட்டாய் என்று வழி முழுவதும் அவன் என்னைக் கேட்கவே இல்லை.