கீழே நின்றவன்

“ஸ்ரனி?”

மஷூரின் குரல் உச்சியிலிருந்து இறங்கி வந்தது. ஒஸ்வால்ட் லிப்ட் கிணற்றின் அடியில் நின்றார். தலைக்கு மேலே எட்டு மாடி இருட்டு. அவர் பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு எடுத்து விடும் நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு மோட்டார் உறுமியது. இரும்புக் கயிறுகள் நடுங்கின. பெட்டி இறங்கத் தொடங்கியது.

எண்ணெய் படிந்த சிமெந்துத் தரையில், சுருள்வில்களுக்கு இடையே அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். பெட்டி அவருடைய முதுகுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அது திரும்ப ஏறிப் போகும்வரை அவர் எழும்பவில்லை.

ஸ்ரனி என்ற ஸ்ரனிஸ்லாஸ், போன வருஷம் தமிழரைத் தேடி அடித்த ஜூலைக் கலவரத்தில் காணாமல் போனவன். கலவரம் தொடங்கிய அன்றே வேலையைப் போட்டுவிட்டு, பெண்சாதியையும் பிள்ளையையும் பார்க்க வெள்ளவத்தைக்குப் புறப்பட்டான். காலி வீதியில், பம்பலப்பிட்டிவரை அவனைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்கப்பால் ஒருவரும் காணவில்லை. கூட வேலை செய்த பியதாச களனியிலிருந்து சைக்கிளில் வந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினான். உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் அவன் செத்துவிட்டான் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை.

புதுக் கட்டிடங்களில் லிப்ட் பூட்டும் அந்தக் குழுவில் மூன்று பேர். உச்சியில் மோட்டாரும் சுவிச்சும் மஷூருக்கு. தண்டவாளமும் கதவுகளும் பியதாசவுக்கு. கிணற்றின் அடி ஸ்ரனிக்கு. பெட்டியை அசைக்க முன் மஷூர் அவன் பெயரைக் கூப்பிடுவான். ஆளோ சுத்தியல் போன்ற ஆயுதமோ வழியில் இல்லை என்று பார்த்து, ஸ்ரனி ஒரு “ஓம்” சொல்லி, பின்னால் சின்னதாக இருமுவான். அந்த ஓம் வராமல் பெட்டி அசையாது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை.

அவர்களுக்கு மேலாளாக இருந்த ஒஸ்வால்டுக்கு ஒரு நட்டை ஒழுங்காக இறுக்கத் தெரியாது. கொட்டாஞ்சேனைக்காரர். கம்பனியில் கிளார்க்காகச் சேர்ந்தவர். முந்தின மேலாள் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது அந்த நாற்காலி இவருக்கு வந்தது. தனக்கு வேலை தெரியாதென்பது அவர்களுக்குத் தெரியும் என்பதை முதல் கிழமையிலேயே விளங்கிக்கொண்டார். தெரிந்ததுபோல நடிக்காதவரைக்கும் அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்பதையும் விளங்கிக்கொண்டார். அதனால் அவர்களுடைய வேலையில் கை வைக்கவில்லை. ஒப்பிஸிலிருந்து வரும் பெரியவர்களைக் கீழ்மாடியிலேயே மறித்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். களனி கங்கை பெருகினால் பியதாச கேட்க முன்பே அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார். யாரையும் முகத்துக்கு நேரே புகழவில்லை. வேலை தெரியாதவன் புகழ்ந்தால் அது அவர்களுக்குக் கூச்சம். மஷூர் உன்னுடைய தண்டவாளத்தைப் பற்றி நல்லதாகச் சொன்னான் என்று பியதாசவிடம் சொல்வார். மஷூர் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அடுத்த தண்டவாளம் இன்னும் நேராக நிற்கும்.

கலவரத்துக்குப் பிறகு மஷூரும் பியதாசவும் முன்னைவிட வேகமாக வேலை செய்தார்கள். இந்த எட்டு மாடிக் கொள்ளுப்பிட்டிக் கட்டிடம் நாளுக்கு முன்பே முடியும்போல இருந்தது. ஒப்பிஸில் சந்தோஷம். ஆனால் ஸ்ரனியின் இடத்துக்கு அனுப்பிய இரண்டு பேரையும் அவர்கள் தேவையில்லை என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாமவன் ஒஸ்வால்டிடம் வந்து, “அங்க எனக்கு இடமில்லை ஐயா. எல்லாரும் இருக்கினம்” என்றான்.

மூன்றாவது ஆள், வத்தளைக் குயின்ரஸ், நாலு பிள்ளைக்காரர், மறுநாள் வருவதாக இருந்தது. அதனால்தான், அடியில் ஆளில்லாமல் பெட்டி எப்படி அசைகிறதென்று பார்க்க, ஒஸ்வால்ட் ஒப்பிஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய் நின்றார்.

அவர் மாடிப்படி ஏறி உச்சிக்கு வந்தபோது சட்டை முழுக்க எண்ணெய்.

“அய்யே, ஒப்பிஸ்ல இப்ப எண்ணெயிலயா குளிக்கிற?” என்றான் பியதாச.

ஒஸ்வால்ட் சிரிக்கவில்லை. “அடியில நான்தான் நிண்டனான்.”

பியதாச கையிலிருந்த நட்டுச் சாவியைக் கீழே வைத்தான்.

“பதில் வராமல் சுவிச்சைப் போட்டீர், மஷூர்.”

“வராம போடுறல்ல. வந்திச்சி.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“நீங்க செல்லல்ல அண்ணன்,” என்றான் மஷூர். “ஸ்ரனிதான் ஓம் சென்ன.”

தனக்கும் கேட்பதாகப் பியதாச மெதுவாகச் சொன்னான். திரும்ப வேலைக்கு வந்த நாள் தொடக்கம் கேட்கிறதாம். தனக்கு மட்டும்தான் கேட்கிறதென்று முதலில் பயந்தானாம்.

ஒஸ்வால்ட் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதைப் பொய்யென்று சொன்னால் வெட்கப்படுவார்கள். ஒருவன் முன் மற்றவன் வெட்கப்பட்டுவிட்டால் இந்த இரண்டு பேரும் பிறகு ஓரிடத்தில் வேலை செய்யமாட்டார்கள். சொல்லாவிட்டால், விழுந்த ஆயுதமொன்றை எடுக்கக் குயின்ரஸ் ஒரு நாள் கிணற்றில் இறங்குவார், பெட்டியும் இறங்கும். இத்தனை வருஷம் கை வைக்காத வேலையில் அவர் கை வைத்தார். மஷூரைக் கிணற்றடியில் போய் நிற்கச் சொன்னார்.

நீங்களா சுவிச்சுப் போடப்போகிறீர்கள் என்று மஷூர் கேட்டான். ஓம் என்றார். அவன் எட்டு மாடியும் நடந்து இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

மஷூரின் பெயரைக் கூப்பிடத்தான் அவர் நினைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

“ஸ்ரனி?”

ஒரு மூச்சு நேரம்.

“ஓம்.”

தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் அந்தச் சின்ன இருமலும். பியதாச தலையை ஆட்டினான். ஒஸ்வால்டின் பெருவிரல் சுவிச்சின் மேல் இருந்தது, அழுத்தத் தொடங்கியுமிருந்தது. விரலை எடுத்து, அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

“மஷூர், நீர் சொன்னீரோ?”

கீழேயிருந்து மஷூரின் குரல் வந்தது.

“நான் செல்லல்ல அண்ணன். இங்க அவன் இல்ல. நான் மட்டும்தான் ஈக்கிற. சுவிச்சைப் போட்டுடாதீங்க.”

பிறகு கிணற்றில் மஷூர் அழும் சத்தம் ஏறி வந்தது. பியதாச போய்க் கதவைச் சாத்தினான்.

தான் கேட்டதை ஒஸ்வால்ட் அவர்களிடம் சொல்லவில்லை. வீட்டில் பெண்சாதி பிறிஜெற்றிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குயின்ரஸ் வந்த பஸ் பிந்திவிட்டது. ஒஸ்வால்ட் புறக்கோட்டையில், அந்த ஓமுக்குப் பதிலாக அடியிலிருந்து அடிக்க ஒரு மின்மணியும் வயரும் வாங்கி வந்தார். பியதாசவும் குயின்ரஸும் அதை அடியிலிருந்து உச்சிவரை இழுத்துப் பூட்ட மத்தியானமாயிற்று. மஷூர் ஜும்மாவுக்குப் போய்த் திரும்பிவந்து, தன்னைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிடும்படி கேட்டான். ஒஸ்வால்ட் சரி என்றார். பின்னேரம் நாலாம் மாடிக் கதவு பொருந்தவில்லை. அதைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்தார்கள். ஒப்பிஸிலிருந்து போன் வந்தது. வேலை பிந்தும் என்றார் ஒஸ்வால்ட். எவ்வளவு பிந்தும் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். கொஞ்சம் மழை பெய்தது. பியதாச மழை விடும்வரை நின்றுவிட்டுப் போனான்.