வெண்டல் டிராஸ்க் நம்பாத ஒரு வார்த்தை

வெண்டல் டிராஸ்க்கைப் போலக் கீழே விழத் தெரிந்த மல்லன் அலபாமாவிலேயே கிடையாது. அதுதான் அவனைப் பிடித்த சனியன். தூக்கிப் போடுகிறவன் சோப்ளாங்கியாக இருந்தாலும், வெண்டல் விழுகிற விழுகையில் அவன் பெரிய பயில்வானாகத் தெரிவான். வெண்டல் எழுந்து திருப்பி அடிக்க ஆரம்பித்தாலோ, வியாழக்கிழமைக் கூட்டம் வேகவைத்த வேர்க்கடலையைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்று கத்தும். அப்புறம் அவன் தோற்பான்.

டோத்தன் அரங்கில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதுகிறவர் ஹாலிஸ் மெக்கர்டி. மஞ்சள் தாளில் அவர் எழுதியதுதான் மல்லர்களின் தலையெழுத்து. சாம்பியன் பெல்ட் எப்போதும் அவருடைய மருமகன் கிளின்ட் இடுப்பில். கிளின்ட்டுக்கு உடம்பு இருந்தது; ஆட்டம் சுத்தமாக வராது. அதற்காக மருமகனை விட்டுக் கொடுத்துவிட முடியுமா?

"உன்கிட்ட தோத்தா எவனுக்குடா பெருமை? உன்னை ஜெயிச்சாத்தான் பெருமை. இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்பார் மெக்கர்டி. அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷம் ஆயிற்று. கடைசி வருஷங்களில் வெண்டல் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள். முடிவுதான் தெரியுமே!

ஒரு தடவை ரெஃப்ரி ஓட்டிஸ் ஓடிவந்து சொன்னான்: "அடேய், இன்னைக்கு பெல்ட் உனக்குத்தான். பாஸ் எழுதிட்டாரு." வெண்டல் வீட்டுக்கு போன் போட்டான். அவன் மனைவி லோரீன் நீலக் கவுனை இஸ்திரி போட்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். எந்தப் பிடியில் முடிக்கலாம் என்று மெக்கர்டியிடம் கேட்கப் போனபோதுதான் உடைமாற்றும் அறையே வெடித்துச் சிரித்தது. ஒருத்தனை ஏமாற்றிச் சிரிப்பது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இன்னும் வாட்டுவார்கள். வெண்டலும் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டுப் போய்த் தோற்றுவிட்டு வந்தான். லோரீன் அதற்குப் பிறகு அரங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எழுபத்தொன்பது அக்டோபரில் வெண்டலுக்கும் கிளின்ட்டுக்கும் பெல்ட் ஆட்டம். இருபதாவது நிமிஷம் கிளின்ட் ஜெயிக்க வேண்டும் என்று தாள் சொன்னது. பன்னிரண்டாவது நிமிஷம் கிளின்ட் மேல்கயிற்றிலிருந்து தப்பாகக் குதித்தான். அவன் தலை வெண்டலின் முழங்காலில் நேராக மோதியது. ஆள் அவுட். நடிப்பில்லை, கண் செருகிவிட்டது.

கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. கோட்டைக் கழற்றி எறிந்தார்கள். "அமுக்கு வெண்டல், அமுக்கு!" திரைக்கு வெளியே வந்து மெக்கர்டி ஓட்டிஸுக்குக் கைகாட்டினார். ஓட்டிஸ் கிளின்ட்டின் தாடையைப் பார்ப்பதுபோல் குனிந்து, பக்கத்திலிருந்த வெண்டலின் காதில் சொன்னான்:

"தாள் மாறிடுச்சு. அவன் மேல படு. பெல்ட் உனக்கு. பாஸே சொல்லிட்டாரு."

அதே ஓட்டிஸ். அதே வாய்.

"போடா. ஒரு தடவை பட்டது போதும்."

"ஐயோ, நெசமாடா! என் பிள்ளைங்க மேல சத்தியம்!"

இது பொய்யாக இருந்து, தாளை மீறி ஜெயித்துவிட்டால்? எந்த மாநிலத்திலும் எவனும் வேலை தரமாட்டான். மூவாயிரம் பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தும்போது வெண்டல் கிளின்ட்டின் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். துவண்டு கிடந்த கையைத் தூக்கித் தன் மார்பின்மேல் தானே போட்டுக்கொண்டான்.

"எண்ணு" என்றான்.

மூன்று எண்ணும்வரை தோள் பாயிலேயே கிடந்தால் தோல்வி. ஓட்டிஸ் பாயில் அறைந்தான். ஒன்று. இரண்டு. இரண்டோடு கையை மேலே நிறுத்திக்கொண்டு கெஞ்சினான்: "எந்திரிடா, பாவி. எந்திரி." வெண்டல் தோளை அசைக்கவில்லை. மூன்று.

யாரும் கூச்சல் போடவில்லை, திட்டக்கூட இல்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே கிளின்ட் நெற்றியில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தான். "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான்.

"நீதான்" என்றான் வெண்டல்.

மெக்கர்டி பெஞ்சில் சாய்ந்திருந்தார். "ஓட்டிஸ் சொல்லலையாடா உன்கிட்ட?"

"சொன்னான், பாஸ்."

"அப்புறம் ஏன்டா?"

"நீங்க என்னை ஜெயிக்க விடுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, பாஸ்."

அடுத்த வியாழன் தாளில் வெண்டலுக்கு, கூட்டம் வந்து உட்காருமுன் நடக்கிற முதல் ஆட்டம், ஆறு நிமிஷம், தோல்வி.

அடுத்த வசந்தத்தில் வெண்டல் தொழிலை விட்டான். இருபது வருஷமாக வேர்க்கடலை ஆலையில் லாரிகளை எடைபோடுகிறான். பட்டப்பகலில், தராசுமுள் ஆடி நிற்பதற்குள், ஓட்டிஸ் எண்ணிய அந்த இரண்டு காதில் வந்துவிடும். மூன்று வராது. அவன் தோள் தானாக மேலே எழும்பும். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

நேற்றுச் சாப்பாட்டு மேஜையிலும் எழும்பியது. லோரீன் பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் அங்கேயா இருக்கே?"

"அவன் கையை எவ்வளவு நேரம் தூக்கி வெச்சிருந்தான் தெரியுமா, லோரீன்?" என்றான் வெண்டல். "நான் எந்திரிச்சு, உனக்கு போன் போட்டு, நீ கிளம்பி வர்ற வரைக்கும் நேரம் இருந்துச்சு."